எந்த மாருதி வாங்குவது? முதலில் அம்மாவை உட்கார வைத்துப் பாருங்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பல வருடம் ஓட்டிய பழைய ஆல்டோவைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்கப்போகிறோம். சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மாருதி சுசூகிதான் என்று முடிவாகிவிட்டது. எந்த மாடல் என்பதில்தான் குழப்பம். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள், போன வருடம் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 71 வயது அம்மா. பள்ளிக்குப் போய்வர தினமும் 16 கி.மீ. மாதம் ஒரு முறை எல்லோரும் ராஜபாளையம் பக்கத்தில் சொந்த ஊருக்குப் போவோம், போய்வர 300 கி.மீ. வருடத்தில் ஒன்றிரண்டு தடவை கொடைக்கானல். மனைவி இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிறார், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்கிறார். எனக்கு சி.என்.ஜி. மீது ஆசை. மைத்துனர் எர்டிகா என்கிறார், மகன் ஃப்ரான்க்ஸ் என்கிறான், ஷோரூமில் பிரெஸ்ஸாவைக் காட்டுகிறார்கள். பட்ஜெட் ஆன்ரோடு 10 லட்சம், இழுத்துப் பிடித்தால் 11. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் மைலேஜ், கியர், பட்ஜெட் எல்லாம் இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன அம்மாவின் முழங்கால்தான். மற்றதையெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே சமாளித்துக்கொள்ளலாம். ஏறி இறங்க முடியாத காரை அம்மா ஒரு தடவை, இரண்டு தடவை பொறுத்துக்கொள்வார். மூன்றாவது தடவை "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்ல இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். கார் வாங்கிய வீடுகளில் பெரியவர்கள் இப்படி மெல்ல ஒதுங்கிக்கொள்வதை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கும் நாற்காலி ஒன்று இருக்கும். தரையிலிருந்து அதன் உட்காரும் பலகை வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே டேப்பை ஷோரூமுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு காரிலும் தரையிலிருந்து சீட்டின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். சீட் மெத்தை உட்கார்ந்ததும் அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாற்காலியை விடச் சீட் தாழ்வாக இருந்தால், அம்மா எழும்போது முழங்கால் அதிகம் மடங்கும், பாரம் முழுக்க அதன் மேல் விழும். உயரம் மிகவும் கூடினாலும் சிரமம்தான், காலை மேலே தூக்கி வைக்க வேண்டும். சீட் கிட்டத்தட்ட நாற்காலி உயரத்தில் இருந்து, கதவு அகலமாகத் திறந்தால் நல்லது.

அளந்தால் மட்டும் போதாது, அம்மாவையும் அழைத்துப்போங்கள். காட்சிக்காக மேடை மேல் நிறுத்திய காரில் ஏற்ற வேண்டாம். வெளியே சமதரையில் நிற்கும் டெஸ்ட் டிரைவ் காராக இருக்கட்டும். முதலில் வெளிப்பக்கம் பார்த்தபடி சீட்டில் உட்கார்ந்து, பிறகு தலையைக் குனிந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மூன்று தடவை ஏறி இறங்கட்டும். முதல் தடவை எந்தக் காரும் சுலபமாகத்தான் தெரியும், மூன்றாவது தடவை முகத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். வழக்கமாகக் கட்டும் சேலையிலேயே வரட்டும்.

இன்னொன்று, அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் காலை நீட்டிக்கொள்ளலாம், முன் கதவின் வாயும் பெரிது. ஏர்பேக் இருப்பதால் டேஷ்போர்டிலிருந்து தள்ளி உட்காருவதும் நல்லதுதான். அம்மா முன்னால் வந்துவிட்டால் பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். அப்போது பின்சீட்டில் மூன்று பேர் நிம்மதியாக உட்காரும் அகலம் வேண்டும், டிக்கியில் அம்மாவின் மடக்கும் வாக்கரும் இரண்டு நாள் துணியும் அடங்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்தே பாதிக் கார்களைக் கழித்துவிடலாம்.

கழிப்பதற்கு முன் ஷோரூம் விஷயம் ஒன்று. மாருதிக்கு அரீனா, நெக்ஸா என்று இரண்டு விற்பனை வரிசைகள். வேகன்-ஆர், ஸ்விஃப்ட், டிசையர், பிரெஸ்ஸா, எர்டிகா அரீனாவில் இருக்கும். பலேனோ, ஃப்ரான்க்ஸ், எக்ஸ்.எல்.6, கிராண்ட் விட்டாரா நெக்ஸாவில். ஒரு ஷோரூமில் கேட்டால் அடுத்த வரிசைக் காரைப் பற்றிப் பேச மாட்டார்கள். நீங்கள் அரீனாவில் மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பலேனோ பேச்சே வரவில்லையே.

மைத்துனர் சொல்லும் எர்டிகா அருமையான வண்டி, ஆனால் உங்கள் வீட்டுக்கு இப்போது தேவையில்லை. ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிச்சம் 209 லிட்டர், ஸ்விஃப்ட்டின் டிக்கியை விடக் குறைவு. மூன்றாம் வரிசையை மடக்கினால் 550 லிட்டர் கிடைக்கும், ஆனால் அப்போது அது ஐந்து பேர் காராகிவிடுகிறது. கிட்டத்தட்ட 4.4 மீட்டர் நீள வண்டியை, ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒருவர் திண்டுக்கல் கடைத்தெருவில் திருப்ப வேண்டும். உறவினர் வரும் நாலு நாளுக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். அந்த நாலு நாளுக்காக வருடம் முழுக்க பெரிய வண்டியை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்விஃப்ட்டுக்கும் டிசையருக்கும் இன்ஜின் ஒன்றுதான், வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஒன்றுதான், 2,450 மி.மீ. டிக்கியில்தான் வித்தியாசம்: ஸ்விஃப்ட்டில் 265 லிட்டர், டிசையரில் 382. வாக்கரை வைத்துப் பார்த்தால் எது என்று நான் சொல்லவே வேண்டாம்.

மகன் கேட்கும் ஃப்ரான்க்ஸை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பலேனோவை அடிப்படையாக வைத்துச் செய்த கார் அது. இரண்டுக்கும் வீல்பேஸ் 2,520 மி.மீ. தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 190 மி.மீ. என்பதால் பலேனோவை விடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பின்னால் கூரை சரிந்து இறங்குகிறது. ஒன்பதாவது படிக்கும் பையன் இன்னும் இரண்டு வருடத்தில் எவ்வளவு வளர்வான் என்று யோசியுங்கள். அவனையே பின்சீட்டின் நடுவில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள், தலை இடிக்கிறதா என்று அவனே சொல்லட்டும்.

வேகன்-ஆரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மா ஒருவரை மட்டும் நினைத்தால் இதுதான் முதல் கார். உயரமான கூரை, நிமிர்ந்த சீட், அகலமாகத் திறக்கும் கதவு. ஊருக்குள் மட்டும் ஓட்டும் பெரியவர்கள் கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். உங்களுக்குச் சொல்லத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். அகலம் 1,620 மி.மீ.தான், டிசையர் 1,735. பின்னால் மூன்று பேர் 150 கி.மீ. உட்கார்ந்து வருவது கஷ்டம். இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2023-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் வேகன்-ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. அன்று சோதித்தது இரண்டு ஏர்பேக் கார், 2025 முதல் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனையில் காரின் கூடே நிலையாக நிற்கவில்லை என்று குறித்திருந்தார்கள். ஏர்பேக்கைக் கூட்டினால் கூடு உறுதியாகிவிடாது. மாதா மாதம் மதுரை நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவே மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இந்தக் காரை என்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை.

டிசையரின் இப்போதைய மாடல் 2024 நவம்பரில் வந்தது. அதே குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கு 5 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 4. மாருதியில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் கார் அதுதான். ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.பி., நடுச்சீட்டுக்கும் தோளோடு சேர்த்துப் பிடிக்கும் மூன்றுமுனை பெல்ட் எல்லாம் அடிப்படை வேரியன்ட்டிலேயே உண்டு. பின்னால் நடுவில் உட்காரப்போவது உங்கள் மகள் என்றால் அந்த பெல்ட் மிக முக்கியம். பலேனோவுக்கு நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் 4 நட்சத்திரம். அதன் இன்ஜின் நான்கு சிலிண்டர், சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது ஸ்டீயரிங்கில் கை வைத்தால் அதிர்வு டிசையரை விடக் குறைவாக இருக்கும். டிசையரில் இருப்பது மூன்று சிலிண்டர். இதை நீங்களே உணர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். டிக்கி பலேனோவில் 318 லிட்டர். உங்கள் தேவைக்கு என் ஓட்டு டிசையருக்கு.

டிசையரின் குறை, சீட் தாழ்வாக இருக்கும். அதனால்தான் டேப்பும், மூன்று தடவை ஏறி இறங்குவதும். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அம்மா சிரமமில்லாமல் எழுந்துவிட்டார் என்றால் டிசையரையே பேசி முடித்துவிடலாம். சீட் தாழ்வாக இருக்கிறதே என்று தடிமனான மெத்தையைப் போட்டு உயர்த்தாதீர்கள். மோதலில் மெத்தை நழுவும், இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும்.

எழ முடியவில்லை என்றால் பிரெஸ்ஸாவுக்குப் போங்கள். உயரமான சீட், 1,790 மி.மீ. அகலம், 328 லிட்டர் டிக்கி, 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின். ஆனால் பட்ஜெட் அங்கேதான் கடிக்கும். நான்கு மீட்டருக்கு உட்பட்ட பெட்ரோல் காரில் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பிரெஸ்ஸா நீளத்தில் பாஸ் ஆகிவிடும், ஆனால் இன்ஜின் 1,462 சி.சி. என்பதால் 40 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்கும் டிசையருக்கும் அதற்கும் விலை இவ்வளவு தள்ளி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் 11 லட்சத்தில் பிரெஸ்ஸாவின் கீழ் வேரியன்ட் மேனுவல் கியரில்தான் வரும். ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கையில் அடங்காது. அந்த நிலை வந்தால் ஆட்டோமேட்டிக்கை விட்டுக்கொடுங்கள். கிளட்ச் பழக உங்கள் மனைவிக்குச் சில வாரம் போதும்.

சி.என்.ஜி.க்கு வருவோம். இன்றைய தேதியில் மாருதியில் சி.என்.ஜி. வேண்டும் என்றால் மேனுவல் கியர்தான், ஆட்டோமேட்டிக்கோடு சேர்த்துத் தருவதில்லை. உங்கள் ஆசையும் மனைவியின் ஆசையும் ஒரே காரில் சேராது. கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் ஓட்டம் மாதம் 800 கி.மீ. வரும். கம்பெனி டிசையர் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 24.79 கி.மீ., சி.என்.ஜி.க்குக் கிலோவுக்கு 33.73 கி.மீ. என்று சொல்கிறது. அது சோதனைக்கூடத்து எண். ரோட்டில் பெட்ரோலுக்கு 17, சி.என்.ஜி.க்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் 100 ரூபாய், சி.என்.ஜி. 90 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் 30 காசு. காருக்குக் கூடுதலாகக் கொடுப்பது 90,000 ரூபாய் அளவில் இருந்தால், அதை எடுக்க 39,000 கி.மீ. ஓட வேண்டும். உங்களுக்கு அது நான்கு வருடம். தினம் 60, 70 கி.மீ. ஓடுகிறவருக்கு இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். உங்களுக்கு நான்கு வருடம் காத்திருந்து கிடைக்கும் மிச்சத்துக்காக டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிடும், வாக்கர் பிள்ளைகளின் காலடிக்குப் போகும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். வேண்டாம்.

இனி ஆட்டோமேட்டிக். டிசையரில் வருவது ஏ.ஜி.எஸ். என்று மாருதி பெயர் வைத்திருக்கும் ஏ.எம்.டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதித்து கியர் போடும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. அதனால்தான் மேனுவலை விட ஏறக்குறைய அரை லட்சம்தான் கூடுதல், மைலேஜும் குறைவதில்லை. பதிலுக்கு, கியர் மாறும்போது வண்டி ஒரு நொடி மூச்சு விடும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கப் பழகினால் அந்த இழுபறி தெரியாது.

ஏ.எம்.டி.யில் புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்யும் ஒரு பழக்கத்தை மட்டும் உங்கள் மனைவிக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது, பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாகக் கொடுத்து வண்டியை அந்தரத்தில் நிறுத்துவார்கள். அப்போது கிளட்ச் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் உரசிக்கொண்டே இருக்கும். காலில் கிளட்ச் பெடல் இல்லாததால் அது சூடாவது தெரியாது. கொடைக்கானல் சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் விடுமுறை நாளில் வண்டிகள் நின்று நின்று நகரும்போது, இப்படி அரை மணி நேரம் ஓட்டினால் கருகல் வாடை வரும். நின்றால் பிரேக்கில் நிற்க வேண்டும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டருக்குக் கால் மாற்றும் சில நொடிக்கு ஹில் ஹோல்டு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டாவதில் வையுங்கள். இல்லாவிட்டால் பிரேக் ஒன்றை மட்டுமே நம்பி மொத்த மலையும் இறங்க வேண்டியிருக்கும்.

மலையைப் பற்றி இன்னொன்று. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்திருக்கும். டிசையரின் 82 குதிரைசக்தியில் ஐந்து பேரோடு ஏறலாம், ஆனால் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது, சில இடத்தில் முதல் கியர் கேட்கும். வருடத்துக்கு இரண்டு தடவைக்கு இது போதும். மாதா மாதம் மலை ஏறுகிறவராக இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டும் சமமான ரோட்டில் ஒரு சுற்று போதாது. ஏதாவது மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் மனைவி ஓட்டட்டும், ஐந்து பேரும் உள்ளே இருங்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும்போது எந்த இன்ஜினும் நன்றாகத்தான் இழுக்கும்.

வேரியன்ட்டில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஏ.ஜி.எஸ். கிடைப்பது அடிப்படைக்கு அடுத்த வேரியன்ட்டான வி.எக்ஸ்.ஐ. முதல். அது உங்கள் 10 லட்சத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் இசட்.எக்ஸ்.ஐ.க்குப் பணம் இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. சன்ரூஃபும் 360 டிகிரி கேமராவும் உச்ச வேரியன்ட்டில் மட்டும் வருகிறது. திண்டுக்கல் வெயிலில் சன்ரூஃபைத் திறந்து வைத்து ஓட்டப்போவதில்லை. கடன் வாங்கி அதற்காக மேலே போகாதீர்கள். ரிவர்ஸ் கேமரா இல்லாத வேரியன்ட் என்றால் அதை மட்டும் தனியாகப் பொருத்திக்கொள்ளுங்கள், புதிதாக ஓட்டுகிறவருக்கு அது பெரிய துணை.

விலைத்தாளை வாங்கும்போது ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18. இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வெளியிலும் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டு, காரின் காப்பீட்டு மதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். மேட், சீட் கவர், பாலிஷ் என்று சேர்த்துப் போட்ட பேக்கேஜை விலைத்தாளிலிருந்து நீக்கச் சொல்லலாம், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அடிப்படை வாரன்ட்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. உங்கள் ஓட்டத்துக்கு வருடம்தான் முதலில் முடியும், அதனால் நீட்டிப்பை வருடக் கணக்கில் பாருங்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பும் முன் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியை யார்டில் போய்ப் பார்த்து, தயாரித்த மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாக்கரையும் எடுத்துப்போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள்.